ஒரே களஞ்சியத்தில் கொட்டிய கோதுமை

அன்புள்ள மகன் றொய்சனுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக உன்னுடைய இலக்கத்தை அழுத்தினேன், மணி அடிக்க முன்னரே நிறுத்திவிட்டேன். அப்பா பக்கத்தில் முகம் சவரம் செய்துகொண்டு நின்றார். அவருக்குக் கேட்கும் என்றால் நீயும் ஓம், இல்லை என்று முடித்துவிடுகிறாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கம்பனி யாட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாரதி இருக்கையிலேயே இருந்து இதை எழுதுகிறேன். விரல் விறைக்கிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இன்றைக்காவது உதவட்டும், ஆறுதலாக வாசி.

தங்கச்சி நடாஷாவுக்குப் பிக்கரிங்கில் வேலைப் பயிற்சி கிடைத்திருக்கிறது, விடிய இருட்டோடு ரயிலுக்கு ஓடுகிறாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் திரும்பவும் பழுது, சாமான் பைகளோடு பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே வருகிறேன். ஞாயிறு பூசை முடிய றோஸ்மேரி அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்கடை பொடியன் யூனிவேசிற்றி முடிச்சுப்போட்டுச் சஸ்கச்சவானிலை கோதுமை வெட்டுறானாம், பொம்பிளை பாக்கேக்கை நாங்கள் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டா. கோதுமை வெட்டுகிறான் என்றே சொல்லுங்கோ, அவன் வெட்டுகிறதைத்தான் நீங்கள் பாணாகத் தின்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு வேறு ஒருவரோடு கோபம், பாவம் அவ குறுக்கே வந்துவிட்டா.

என் கோபம் முதலில் கோதுமையை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிற அந்த விதியோடுதான். குத்தகைக்கு நிலம் தந்த கிழவனார் விட்டுப்போன விதையைத்தான் நீ விதைத்துவந்தாய். அந்த இனத்தில் மாவின் இழுவை போதாது என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் முறையிட்டார்களாம், அதற்காக அதை நல்ல வகுப்பிலிருந்து எடுத்து விலை குறைந்த வகுப்பில் போட்டுவிட்டார்கள். அதே மண், அதே மணி, ஆவணி முதலாம் திகதி விடிய எழும்பினால் அதற்கு வேறு பெயர், வேறு விலை. முன்கூட்டியே அறிவித்தார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அறிவித்தல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி, உனக்கு ஒரு வருட விதைச் செலவு. அப்படியிருந்தும் நீ புத்தியாகத்தான் நடந்தாய். பாதி நிலத்துக்குப் புது விதை வாங்கினாய், மற்றப் பாதியை அடுத்த வருடம் மாற்றலாம் என்று நினைத்தாய், இரண்டையும் வேறு வேறு தகரக் களஞ்சியங்களில் போட ஒழுங்கு செய்தாய்.

பிறகுதான் அப்பா லீவு எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். பிறம்ரன் வெயர்ஹவுஸில் பதினெட்டு வருடம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, பாதி நிரம்பிய சாமான் தட்டு இருக்கும்போது புதுத் தட்டைத் திறக்கக் கூடாது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, நீ வயலின் அந்தத் தொங்கலில் அறுவடை இயந்திரத்தில் நின்றாய், இவர் லொறியைக் கொண்டுபோய்ப் புதுக் கோதுமையைப் பழையது பாதி கிடந்த களஞ்சியத்திலேயே கொட்டிவிட்டார், கடைசி லொறிவரைக்கும். இங்கே திரும்பி வந்து கோயில் வாசலில் நின்று என்ன பெருமை தெரியுமா, மழைக்கு முந்தி ஒரு மணி நனையாமல் உள்ளே போட்டாராம். கோதுமை வாங்குகிற எலிவேற்றரில் என்ன வகுப்பு என்று கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டும், கலந்தால் முழுவதும் விலை குறைந்த வகுப்புக்குப் போய்விடும் என்பதை நீ எனக்குச் சொன்னதே ஒரு மாதம் கழித்துத்தான். அவருக்கு அன்றைக்கே அங்கேயே சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம். நீ பேசாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாயாம். உன்னுடைய இந்த மௌனம் எனக்கு அவருடைய வாயைவிடக் கஷ்டமாக இருக்கிறது, மகன்.

இதை நான் அவரிடம் சொன்னேன். "கோதுமை கோதுமைதானே. பெத்த தகப்பன் என்னாலையே பிரிச்சுப் பாக்க ஏலேல்லை, எலிவேற்றரிலை நிக்கிறவனாலை ஏலுமே? நல்ல வகுப்பெண்டு கையெழுத்தைப் போட்டுக் குடுக்கச் சொல்லு" என்றார். கோதுமைக்கு இவர் எப்போது தகப்பனானார் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிழை விட்டுவிட்டேன் என்ற ஒரு சொல் அவருக்கு வராது. ஆனால் வேலையால் வந்ததும் சப்பாத்துக் கழற்ற முன்னர் உங்கள் ஊர்க் காலநிலையைத்தான் ஃபோனில் பார்க்கிறார், ஒருவருக்கும் சொல்லாமல். அதைப் பார்க்க இன்னும் எரிச்சல் வருகிறது, எரிச்சலோடு வேறு என்னவோவும் வருகிறது.

போன கிழமை நீ என்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். உண்மையான வகுப்பை எழுதிக் கொடுத்தால் வருகிற காசில் அடுத்த அறுவடைக்கு லொறி ஓட ஆள் பிடிக்க முடியாது, ஆள் இல்லாமல் குத்தகையைப் புதுப்பிக்க முடியாது, அப்பா சொன்னபடி கையெழுத்து வைத்தால் இந்த வருடம் தப்பலாம், நீங்கள் சொல்லுங்கோ அம்மா என்றாய். அன்றிலிருந்து வண்டி ஓடும்போதும் இதே யோசனைதான். எலிவேற்றரில் ஒவ்வொரு லொறியிலும் மாதிரி எடுத்து வைப்பார்கள், வேண்டுமானால் ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள் என்று நீயேதான் சொன்னாய். ஆனால் பிடிபடுவதை நான் யோசிக்கவில்லை. பிடிபடாமல் விட்டால்? அடுத்த வருடமும் ஒரு மழை வரும், ஒரு கலப்பு வரும், உன் கை தானாகவே எழுதும். ஊருக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பொடியனுடைய சொல்லை நம்பித்தான் அந்தச் சனம் உனக்கு நிலம் தந்தது. ஆகையால் என் பதில், உண்மையை எழுது. அப்பாவுக்காகவும் பொய் எழுதாதே, அவருக்கு நோகும் என்று விலையை மறைக்கவும் வேண்டாம். கிடைத்ததை அவரிடமே ஃபோன் பண்ணிச் சொல்லு, கத்தவேண்டி இருந்தால் கத்து.

கடவுள் உன்னையும் உன் கைவேலையையும் காப்பாற்றட்டும். களஞ்சியத்துக்குள் தனியாக இறங்காதே, இறங்கினால் வெளியே ஒரு ஆளை நிறுத்து. பூசைக்குப் போக அங்கே தூரம் என்று எனக்குத் தெரியும், நத்தாருக்காவது போ.

லொறிக்கு ஆள் தேடவேண்டாம். ஆனியில் பள்ளிக்கூடம் பூட்டியதும் அடுத்த வருடப் பஸ் பாதைக்கு நான் பெயர் கொடுக்கப் போவதில்லை, ஆவணியில் அங்கே வருகிறேன், கடைசி மணி உள்ளே போகும்வரை நிற்பேன். இவ்வளவு பெரிய பஸ்ஸை எழுபது குழந்தைகளின் சத்தத்தோடு பனிக்குள் ஓட்டுகிறவளுக்குக் கோதுமை லொறி பாரமில்லை, அது வாயைத் திறக்காது. கம்பனிக்குத் தெரியாது, நடாஷாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் வந்தாலும் வரட்டும், லொறியை ஸ்ராட் பண்ணுகிற திறப்பு என்னிடம்தான் இருக்கும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
றீற்றா