மைனஸ் மூன்று

ஆடி 8, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ரேஷனில் பருப்பு இல்லை, திங்கட்கிழமை வரச்சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டில் ரிகர்சல். கூடலூர் ரிசார்ட்டில் சனிக்கிழமைதோறும் ஆறரை முதல் எட்டு வரை பாட்டு. பதினோரு வருடமாக நான் பாட்டு, என் வீட்டுக்காரர் கீபோர்டு. போன மாதம் மேனேஜர் ஜெனியைச் சேர்த்துவிட்டார். சர்ச் கொயரில் பாடுகிற பெண், வயது இருபத்திரண்டு. "கெஸ்ட்டுக்கு ஒரு சேஞ்ச் வேணும்ல மேடம்." நான் என்ன மெனு கார்டா?

இன்று அவள் பாடி முடித்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டு, "அடேயப்பா, என்னா குரலு!" என்றார். என்னை அப்படிச் சொல்லி எத்தனை வருடம்? ராத்திரி ரசத்துக்கு உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

ஆடி 9, வெள்ளி

பேய்க்காற்று. முருங்கைக் கிளை ஒடிந்தது. தலைவலி.

இவர் வயர் வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். கீபோர்டைத் துடைக்கும்போது சும்மா சுவிட்சைப் போட்டேன். சுருதியை ஏற்றி இறக்கும் இடத்தில் 'மைனஸ் மூன்று'. பாட்டின் சொந்தச் சுருதிக்கு மூன்று படி கீழே. யாருக்காம்? நான் ஒரிஜினல் சுருதியில் பாடுகிறவள், ஊருக்கே தெரியும். அவளுக்குத்தான் கட்டைக் குரல். அவளுக்காக என்னையும் சேர்த்துக் கீழே இறக்கியிருக்கிறார்.

ஆடி 10, சனி

ஐந்தரைக்கே ரிசார்ட். நான் பச்சைப் பட்டு. அவள் சுடிதார். இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டனை அமுக்கி ஜீரோவில், அதாவது ஒரிஜினல் சுருதியில், வைத்தேன். ஏறமுடியாமல் திணறட்டும் அவள்.

முதல் பாட்டு எப்போதும் எனக்கு. பல்லவி போயிற்று. சரணத்தில் மேலே போனேன், குரல் கீச்சென்று உடைந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும். கோட்டயத்துக் குடும்பம் ஒன்று ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. "சேச்சிக்கு எந்து பற்றி?" அக்காவுக்கு என்ன ஆச்சு என்று அதில் ஒருத்தி கேட்டாள். இவர் முகம் வெளுத்துவிட்டது.

ஜெனி தன் மைக்கை எடுத்து அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டாள். அதே ஜீரோவில், நோகாமல். கைதட்டல். "அக்காவுக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்ல" என்று அவளே மைக்கில் சொன்னாள். நல்லவள் வேறு!

ஆடி 11, ஞாயிறு

மழை விட்டது. இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.

இவர் கீபோர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தேன் மாத்துனேன். அவளுக்காக இறக்கிவச்சிருந்தீகள்ல, அதேன்" என்றேன்.

இவர் தலையைத் தூக்காமலே: "அவளுக்கு எதுக்கும்மா இறக்கணும்? அவ பாடையில ஜீரோவுக்கு ஏத்திக்கிருவேன். மைனசு ஒனக்கு வச்சது. மூணு வருசமா, வருசத்துக்கு ஒரு படி."

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"மொத நாளே கண்டுபிடிச்சுட்டா. 'அக்காகிட்டச் சொல்லிராதீக'ன்னா."

இனி அவளை மனசுக்குள் திட்டக்கூட முடியாது. அதைத்தான் தாங்கமுடியவில்லை.