காவி அடித்த மலைப்படி

பிப்ரவரி 19, புதன்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மலைப்படிக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தாயிற்று. திருவிழாவுக்குக் கோயில் மதிலில் அடிப்போமே, அதேபோல ஒரு பட்டை வெள்ளை, ஒரு பட்டை காவி. மகளிர் குழுப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அடித்தோம். கையெல்லாம் எரிச்சல். பாறையில் வெட்டிய பழைய படி, அழுது வடிந்துகொண்டு கிடந்தது. இப்போது ரோட்டிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. விருந்தாளி வரும்போது வீட்டை அப்படியே போட்டு வைப்போமா?

ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து முதல் வேன். மேலே குகை, அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கை, சுனை எல்லாம் என் வீட்டுக்காரர் காட்டுவார். மதியம் எங்கள் குழுவின் சாப்பாடு. இது நிலைத்துவிட்டால் இவர் கல் உடைக்கும் கிரஷருக்குத் திரும்ப வேண்டாம். தூசி தின்று நெஞ்சு கெட்டுப்போன மனிதர். பொங்கலோடு வேலையை விட்டு நின்றுவிட்டார். இருமல் இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

கட்டுமாவடி மீன்காரரிடம் கருவாடு சொல்லியாச்சு. வாழை இலை பாக்கி. பிளாஸ்டிக் பாட்டில் மலை ஏறக் கூடாது, கண்டிப்பாக.

பிப்ரவரி 20, வியாழன்

மலைக்குத் தொல்லியல் துறை போட்டிருக்கும் வாட்ச்மேன் பெருமாள் அண்ணன் வந்தார். படியைப் பார்த்தார், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இப்புடிப் பண்ணி வச்சிருக்கீங்க? பழங்காலத்துக் கல்லும்மா. ஒரு ஆணி அடிக்கக் கூடாது, நீங்க பெயிண்டே அடிச்சுட்டீங்க!"

"பெயிண்ட் இல்லண்ணே, சுண்ணாம்பு."

"அத ஆபீசர்கிட்டச் சொல்லு. சனிக்கிழமை வாராங்க. ஆளுகள மேல ஏத்த குடுத்த அனுமதி போச்சுன்னா என்னையக் கேக்காத."

முதலில் அவர்மேல்தான் கோபம். அழகு செய்தது ஒரு குற்றமா? அப்புறம்தான் உறைத்தது. அனுமதி இல்லையென்றால் வேன் ஏது?

ராத்திரி சாப்பிடும்போது இவர், என் முகத்தைப் பார்க்காமல்: "கிரஷர்ல ஆளு எடுக்குறாங்களாம். மேஸ்திரி போன் பண்ணாரு."

"நான் உசிரோட இருக்குற வரைக்கும் அங்கிட்டுப் போகக் கூடாது" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகம்தான். பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் குறைந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

விடிந்ததிலிருந்து தேய்ப்பு. தேங்காய் நாரும் தண்ணீரும் மட்டும். எதிர்வீட்டு சரோஜாக்கா பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு வந்தார். பிடுங்கி வைத்தேன்.

"கல்லையே தின்னுரும்க்கா. அப்புறம் காவியும் இருக்காது, படியும் இருக்காது."

முறைத்தார். முறைக்கட்டும்.

வெள்ளை போயிற்று. காவி போகவில்லை. காவியில் பசை கலக்கச் சொன்னது யார்? நான்தான். மழைக்கு நிற்க வேண்டுமாம்! எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

இவரும் குடம் சுமந்தார். உட்காருங்கள் என்றால் கேட்கிறாரா. சாயங்காலம் முழுக்க இருமல்.

பிப்ரவரி 22, சனி

ஆபீசர் சின்ன வயசுப் பெண். படியில் விரலால் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க. ஆனா இந்தக் கறை போற வரைக்கும் யாரையும் மேல ஏத்தக் கூடாது. மழைக்கு அப்புறம் வந்து பாக்குறேன்."

மழைக்கு அப்புறமாம். மாசியில் ஏது மழை?

வீட்டுக்கு வந்து அழுதேன். முகம் கழுவினேன். வாசலில் கருவாடு வந்து இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு வீம்பு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாங்கள் மலை ஏறுவதில்லையே, சுற்றித்தானே வருகிறோம்? கண்மாய்க்கரை, கடலைக்கொல்லை, பின்பக்கம் மயில் இறங்கும் சரிவு. அதற்கு யார் அனுமதி வேண்டும்?

வேன் ஏற்பாடு செய்தவருக்குப் போன். "மேல ஏற முடியாதுங்க. தப்பு எங்க மேலதான். மலையச் சுத்தி நடக்கலாம், சாப்பாடு உண்டு. வாரீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றார். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை ஓடவில்லை. கடைசியில் கூப்பிட்டு, வருகிறோம் என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வந்தார்கள். "குகையப் பாக்கத்தானே வந்தோம்" என்று ஒருவர் முணுமுணுப்பு. இவர் என்ன செய்தார் தெரியுமா, நேரே படிக்கே கூட்டிக்கொண்டு போய்க் கறையைக் காட்டி, "எங்க வீட்டம்மா கைவேலைங்க" என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டார். ஒரே சிரிப்பு. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு சுற்றக் கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது நல்ல பசி. குழம்புச் சட்டியை வழித்துவிட்டார்கள். கிளம்பும்போது ஓர் அம்மா, "பௌர்ணமிக்கு வரலாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வாங்க, வாங்க."

பிப்ரவரி 24, திங்கள்

விடியற்காலையில் தெருமுனையில் கிரஷர் வண்டியின் ஹாரன். இவர் வாசலில் டீயோடு. நான் உள்ளேயே நின்றேன். மறுபடியும் ஹாரன்.

வண்டியிலிருந்து ஒரு குரல்: "என்ன மாமா, வரலியா?"

"இல்லப்பா. பௌர்ணமிக்கு ஆளு வாராங்க. பின்பக்கம் பாதையில முள்ளு வெட்டணும்."

அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீயை முழுசாகக் குடிக்கக்கூட இல்லை.