பஸ் திரும்ப ஓர் இடம்

ஆவாரம்பட்டி,
எழுமலை வழி.
28.10.1979

அன்புள்ள மச்சானுக்கு,

செல்லத்தாய் எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அஸ்ஸாமில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, பட்டாளத்தில் கொடுக்கிற கம்பளி போதுமா என்று அத்தை நாள் தவறாமல் கேட்கிறார்.

நம் ஊருக்கு பஸ் வந்துவிட்டது மச்சான். காலை ஏழரைக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று. எழுமலை வழியாக உசிலம்பட்டி போகிறது. வந்து பதினோரு நாள்தான் ஆகிறது, அதற்குள் ஊரே மாறிவிட்டது போல இருக்கிறது. எட்டாவதோடு நின்றுபோன மூன்று பெண்பிள்ளைகள் எழுமலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு வந்த பேப்பரை அன்றைக்கே படிக்கிறோம். யாரும் இப்போது பொழுதைப் பார்த்து நேரம் சொல்வதில்லை. "ஏழரை பஸ்ஸுக்கு முன்னாடி களை எடுக்கப் போயிரணும்" என்றுதான் பேச்சு. வண்டிக்கார வீரணனுக்குப் பிழைப்பு போய்விடுமோ என்று நினைத்தேன். அவர் பஸ்ஸில் வந்து இறங்குகிற உர மூட்டைகளைக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார். முன்னைவிட வேலை அதிகம் என்கிறார்.

பஸ் எப்படி வந்தது என்பதையும் எழுத வேண்டும். புரட்டாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பாதையைப் பார்த்தார். பாதை பரவாயில்லை என்றார். ஆனால் ஊர்க்கோடியில் வந்து நின்று தலையை ஆட்டிவிட்டார். "பஸ் வர்றது பெருசில்லம்மா, திரும்புறதுதான் பெருசு. வந்த வழியே பின்னாலயே எழுமலை வரைக்கும் போக முடியுமா?" என்று சிரித்தார். பஸ் திரும்ப எம்புட்டு இடம் வேண்டும் என்று கேட்டேன். அறுபத்தைந்து அடி என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிணற்றுக் கயிற்றை எடுத்துவந்து அவரோடு சேர்ந்து அளந்தேன். முன்சக்கரம் ஒரு வட்டம் போகுமாம், பின்சக்கரம் அதற்குள்ளே சின்ன வட்டம் போகுமாம். மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினார். இத்தனை நாள் மாட்டுவண்டியை மட்டுமே பார்த்த எனக்கு அது புதிதாக இருந்தது. அவர் போன பிறகும் வெகுநேரம் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பக்கம் ஊருணி. ஒரு பக்கம் பிள்ளையார் கோயில். மீதி இருந்தது ஒரே ஒரு காலி மனை. அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் இடம் இல்லை என்றால் பஸ் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

மச்சான், அந்த மனையை நான் கொடுத்துவிட்டேன். வீடு கட்ட வேண்டும் என்று நீங்கள் வாங்கி, என் பேரில் பத்திரம் முடித்த மனை. பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் இறக்கி வைத்த அஸ்திவாரக் கல்லெல்லாம் இப்போது நம் மாட்டுத் தொழுவத்துப் பின்னால் கிடக்கிறது.

உங்களைக் கேட்டிருக்கலாம். கடிதம் வந்துபோக இருபது நாள் ஆகும் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் எழுமலையிலிருந்து தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வேண்டாம் என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் அண்ணன் பேயாண்டி நடுத்தெருவில் நின்று, "வீடு கட்டுற எடத்த எவளாச்சும் பஸ்ஸுக்குத் தூக்கிக் குடுப்பாளா? என் தம்பி அங்க உசுரக் குடுத்து சம்பாரிக்கிறான்" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அத்தைதான் எழுந்து வந்தார். "அன்னைக்கு வண்டியில உக்காந்து போனவ நானு. உனக்கு என்னடா தெரியும்?" என்றார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாளைப் பற்றி போன வருஷம் உங்களுக்கு இரண்டே வரி எழுதினேன். குறைப் பிரசவம், பிள்ளை தங்கவில்லை என்று. அது முழு உண்மை இல்லை. மாதம் நிறைந்துதான் வலி வந்தது. காலையில் வீரணன் வண்டியில் ஏறினோம். மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. எழுமலை போய்ச் சேருமுன்பே ஒரு புளியமரத்தடியில் பிறந்துவிட்டான். பிறந்ததும் அழுதான் மச்சான். நன்றாகவே அழுதான். எழுமலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மூச்சுத் திணற ஆரம்பித்தது. உசிலம்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அத்தை மடியில் அசைவு இல்லை. "ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதாம்மா" என்று நர்ஸம்மா சொன்னார். தூரத்தில் துப்பாக்கியோடு நிற்கிற உங்களுக்கு இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. லீவில் வந்திருந்தபோதும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை.

பஸ் வந்த முதல் நாள் டிரைவர் சோணைமுத்து, பின்னால் எடுக்காமல் ஒரே வீச்சில் வட்டம் போட்டுத் திருப்பினார். ஊரே கைதட்டியது. பின்சக்கரம் உள்வட்டத்தில்தான் போகிறதா என்று குனிந்து பார்த்தேன். அப்படித்தான் போனது. பிறகு நானும் அத்தையும் ஏறினோம். அந்தப் புளியமரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் போன வேகத்தில் அது எந்த மரம் என்றே தெரியாமல் போய்விட்டது. உசிலம்பட்டிக்கு ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டோம். கண்டக்டரிடம் மூன்று தடவை மணி கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உசிலம்பட்டிக்கு ஏன் போனோம் என்றால், நீங்கள் வைகாசியில் லீவு முடிந்து போனதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதே நர்ஸம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, பிரசவம் மாசி முதல் வாரம் என்று சொன்னார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

வீடு கட்ட வேறு இடம் நாம் சேர்ந்துதான் தேட வேண்டும். கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். புளியமரத்தடியில் பிறந்தவனைப் பற்றி ஏதாவது கேட்க நினைத்தால் கேளுங்கள். மூக்கு உங்கள் மூக்கு.

மாசிக்கு லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், அத்தை இருக்கிறார். நம் குலசாமி உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

என்றும் உங்கள்,
செல்லத்தாய்