பெயர் மாறிய படம்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வருடாந்தரப் பரிசோதனை. எல்லாருக்கும் எக்ஸ்ரே நான் எடுத்தேன். எனக்கு மட்டும் அடுத்த ஷிப்டுக்காரர் எடுத்தார். படத்தைப் பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “டாக்டர் பாத்துச் சொல்வாருண்ணே” என்றார்.

இருபத்தாறு வருடமாக எல்லாரிடமும் நான் சொல்லும் அதே வார்த்தை. அப்படியென்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? படத்தை நானும் பார்த்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம், வெள்ளையாக ஒரு திட்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு.

மார்ச் 6, வியாழன்

புற்றாக இருக்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு, “உங்களுக்கென்னங்க பயம்? சபையில யார் சாகக் கிடந்தாலும் உங்களைத்தானே ஜெபத்துக்குக் கூப்பிடறாங்க. மத்தவங்கள விடுங்க, நீங்க ஆயத்தமாத்தான் இருப்பீங்க” என்றாள்.

தலையாட்டினேன்.

எத்தனை பேருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “கர்த்தர் காத்துட்டிருக்கார், பயப்படாதீங்க” என்று சொல்லியிருப்பேன்! அவர்களில் ஒருவராவது திருப்பிக் கேட்டிருக்கக்கூடாதா — நீ தயாரா என்று?

மார்ச் 7, வெள்ளி

இன்று பதினாலு பேருக்கு நெஞ்சுப் படம். சுவரைப் பார்த்து, மூச்சைப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பதினாலு முதுகும் எட்டு வருடம் முன்பு படம் எடுத்த ஒரு பெண்ணின் முதுகு.

மார்ச் 9, ஞாயிறு

சபையில் திருவிருந்து அப்பம் வாங்க வரிசையில் நின்றேன். முறை வந்தபோது கை நீளவில்லை. தலைசுற்றல் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். எட்டு வருடமாக இந்த நோட்டுகளில் எதிலும் எழுதாதது.

அன்று எக்ஸ்ரே அறையில் சரியான கூட்டம். விடாத இருமலோடு ஒரு பெண், முப்பத்தெட்டு வயது. அவளுக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர். வேலையில் சேர உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர். இரண்டு படத்திலும் பெயர் பதித்தது நான். மாற்றிப் பதித்துவிட்டேன். “ஒண்ணுமில்லம்மா, வெறும் சளிதான்” என்று டாக்டர் அவளை அனுப்பிவிட்டார். டிரைவரை மறுபரிசோதனைக்கு எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து டிரைவர் வந்தார். நுரையீரல் பளிங்கு மாதிரி சுத்தம். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. பதிவேட்டில் அவளுடைய போன் நம்பர் இருந்தது. விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். பதிவேட்டை மூடி வைத்தேன்.

பெயர் மாறியது கைத்தவறு. கூப்பிடாமல் விட்டது? வேலை போய்விடும், மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், இருமல் நிற்காவிட்டால் அந்தப் பெண்ணே வரமாட்டாளா — இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம்.

வந்தாள். ஏழு மாதம் கழித்து, சக்கர நாற்காலியில். என்னைக் கண்டதும் சிரித்தாள். “அன்னிக்கும் நீங்கதானே சார் எடுத்தீங்க?” தெரிந்த முகத்தைப் பார்த்த ஆறுதல் அவளுக்கு. புற்று முற்றியிருந்தது; அடுத்த மாதமே போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

நுரையீரலில் ஊசி செலுத்திப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். முடிவுக்குப் பத்து நாள் ஆகுமாம்.

மார்ச் 15, சனி

போதகரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “ஆண்டவர் மன்னிப்பார். அதுல சந்தேகமே வேணாம்” என்றார். அப்பாடா என்றிருந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

“அந்தம்மா வீட்டுக்காரர் இருக்காரா?”

“இருக்கார் ஐயா. மார்க்கெட் பக்கத்துல லாண்ட்ரி வெச்சிருக்கார். நான் அந்தத் தெரு வழியாப் போறதே இல்ல.”

“அப்ப எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு எப்படிப் போவீங்க?”

கடிதமாக எழுதித் தருகிறேன், நான் போனபிறகு அவரிடம் கொடுங்கள் என்றேன். போதகர் தலையசைத்து மறுத்தார். “அவருக்குக் கேக்க ஏதாவது இருக்கும். கடிதம் பதில் சொல்லாதே.”

இருந்தாலும் எழுதினேன். நாலு பக்கம். செத்தபிறகு யார் திட்டினாலும் காதில் விழாது பாருங்கள் — அந்தத் தைரியம்.

மார்ச் 21, வெள்ளி

புற்று இல்லை. பழைய காசநோய்த் தழும்பாம். எப்போதோ வந்து, எனக்கே தெரியாமல் ஆறியிருக்கிறது.

மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வயிறாரச் சாப்பிட்டேன். கடிதத்தை நறுக்கு நறுக்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கர்த்தர் என்னை மரணத்திலிருந்து தூக்கியெடுத்தார் என்றேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எல்லாரும் கை தட்டினார்கள். வாசலில் போதகர் கைகுலுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

ஏப்ரல் 2, புதன்

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடைசி மூச்சில் இருக்கிறார், ஜெபிக்க வாங்க என்று கூப்பிட்டார்கள். மதியம் போனேன். “சொல்ல வேண்டியவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு தம்பி. கேக்க வேண்டிய மன்னிப்பெல்லாம் கேட்டாச்சு. ஆனாலும் பயமாத்தான் இருக்கு” என்றார்.

வழக்கமான வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. கட்டிலின் தலைமாட்டில், எக்ஸ்ரேவுக்கு அவள் நின்ற மாதிரியே, சுவரைப் பார்த்து ஒரு பெண் நின்றிருந்தாள், மூச்சைப் பிடித்தபடி. அது அவருடைய மருமகள்தான். திரும்பியபோதுதான் தெரிந்தது.

தபால்காரர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அவர் ஆறுதல்! சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

அவர் பயத்தோடு போனார். ஆனால் பாக்கி எதுவும் வைக்காமல் போனார். நான்? தழும்புக்குப் பதில் புற்றாக இருந்திருந்தால் நல்லவனாகியிருப்பேன். பிழைத்ததால் பழையபடி திருடன்.

ஏப்ரல் 12, சனி

லாண்ட்ரிக்குப் போய்விட்டேன். காலை பத்தரை மணி. அவள் கணவர் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“துணி போடணுமா?”

“இல்லீங்க. உங்க வீட்டம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நின்றபடியே சொன்னேன். படம், பெயர், டிரைவர், போன் நம்பர் — ஒன்றையும் விடவில்லை.

“உங்களுக்குத் தெரிஞ்சப்ப எத்தனை நாள் ஆயிருந்துச்சு?”

“ரெண்டு வாரம்.”

“அப்பவே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?”

“தெரியலீங்க. வாய்ப்பு இருந்துச்சு.”

நான் அடியை எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“படத்துல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்னடி எந்நேரமும் லொக்கு லொக்குன்னு, வேலைக்குக் கள்ளமான்னு கேட்டேன் சார். அதுக்கப்புறம் அவ எம்முன்னால இருமவே மாட்டா. பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு இருமுவா. எனக்குக் கேக்கும். தெரியாத மாதிரி இருந்துப்பேன். எட்டு வருஷமா நாந்தான் அவளைக் கொன்னேன்னு...”

முடிக்கவில்லை. சட்டை தரையில் விழுந்து கிடந்தது. குனிந்து எடுக்கப் போனேன்.

“தொடாதீங்க. போங்க. மொதல்ல இங்கேருந்து போங்க.”

ஏப்ரல் 14, திங்கள்

கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். எல்லாவற்றையும் கேட்ட மனைவி, “ஆயத்தமா இருப்பீங்கன்னு சொன்னேனே... நீங்க யாருன்னே தெரியாமச் சொல்லியிருக்கேன்” என்றாள். தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள்.

இதற்குப் பெயர்தான் சமாதானமா? பகலில் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. முன்பு அந்தப் பெண் கண்முன்னால் நின்றாள், அவ்வளவுதான். இப்போது இருமவும் செய்கிறாள்.

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் லாண்ட்ரிக்காரர் நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தண்ணீரும் வாங்கவில்லை.

“எம்பொண்ணு வெளியூர்ல இருக்கா. அம்மாவை நான் சரியாப் பாக்கலன்னு எங்கிட்ட பேச்சே கிடையாது. நானே போன் பண்ணிச் சொல்லப் பாத்தேன். வாய் வரல. நீங்க வந்து சொல்லணும். அவ என்ன சொன்னாலும் நின்னு கேக்கணும்.”

“வர்றேன்.”

“உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிடாதீங்க.”

“நெனக்கலீங்க.”

மே 11, ஞாயிறு

காலையில் ஜெபம் பண்ணும்போது எனக்காக எதுவும் கேட்கவில்லை. இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். வாய்விட்டு. மனைவி பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள்.

லாண்ட்ரிக்காரரின் மகளைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. அவர் எனக்கு முன்பே ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய பை. பின்னால் இடம் தேடிப் போகத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.