ஹலினா அம்மா வாகரைக்கு வந்த கதை

வாகரை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் மருமகனும் நலம். பசு கன்று போட்டிருக்கிறது. உங்களுடைய முழங்காலும் சீனி வருத்தமும் அடங்கி நடக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் நடுவில் புகுந்து பேசுவீர்கள். இதில் முடியாது. வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் ஹலினா அம்மாவே இதை உங்கள் கையில் தருவார்.

தொண்ணூறு வயது மனுசியைத் தனியாக ஏற்றிவிட்டு, "என்ட வீட்டுக்கார அம்மா ஊர் பார்க்க வாறா, கவனி" என்று ஒரு வரி அனுப்பினீர்கள். பதினொரு வருடம் அவருடைய பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறீர்கள். அவர் போலந்துக்காரி, ஓயாமல் முட்டைக்கோவா அவிப்பவர் என்பதற்கு மேல் ஒன்றும் எனக்குச் சொன்னதில்லை.

யோகராசா என்ற பெயர் அவர் நாக்கில் நிற்கவில்லை. உங்களை "மிஸ்டர் யோகா" என்கிறார். அதைக் கேட்ட ஊர், நீங்கள் கனடாவில் யோகாசனம் படிப்பிக்கிறீர்கள் என்று முடிவுகட்டிவிட்டது. இடுப்பு வலிக்கு என்ன ஆசனம் என்று தங்கராசா அண்ணன் இரண்டு தரம் வந்து கேட்டுப் போனார். நான் மறுக்கவில்லை. பேக்கரியில் மா குழைக்கிறார் என்பதைவிட அது நன்றாயிருந்தது.

வெள்ளைக்கார மனுசியாயிற்றே என்று நண்டை உறைப்பில்லாமல் சமைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுக் கொச்சிக்காய் கேட்டார். "சின்னப் புள்ளையில இந்தியாவில இருந்தவவாம், அங்க பழகினதாம்" என்று விதுர்ஷா இங்கிலீசை மாற்றிச் சொன்னாள். போலந்துப் பிள்ளைக்கு இந்தியாவில் என்ன வேலை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அவருடைய கட்டிலுக்கு எறும்பு வரிசை கட்டியது. தலையணையைத் தூக்கினால் பாண் துண்டுகள், பாதி ரொட்டி, கடதாசியில் சுற்றிய பிட்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட சமையல் புடிக்கல்லெண்டா வாயால சொல்லச் சொல்லு" என்று மகளிடம் சத்தம் போட்டேன். மகள் எப்படி மாற்றிச் சொன்னாளோ, அவர் சிரித்தார். பிறகுதான் கதை வந்தது.

ஐந்து வயதில், உலக யுத்தத்துக்குள், ரஷ்யப் பட்டாளம் வந்து அரை மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னதாம். மாடு ஏற்றும் ரயிலில் ஏற்றிச் சைபீரியக் காட்டில் விட்டார்கள். தம்பி அங்கேயே போய்விட்டான். தாயும் மகளும் பாரசீகம் போய், அங்கிருந்து கப்பலில் இந்தியா வந்து, கோலாப்பூர்ப் பக்கம் ஒரு முகாமில் ஐந்து வருடம். பிறகு இங்கிலாந்து, அங்கிருந்து கனடா போய், கோட்டுத் தைத்து வீடு வாங்கி, பேரப்பிள்ளைகளும் கண்டாயிற்று. இன்னும் தலைமாட்டில் பாண் இல்லாவிட்டால் நித்திரை வராதாம்.

நான் எழும்பிப் போய்க் கதவுக்குப் பின்னால் தொங்கும் என் பையைக் கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சிரிப்பீர்களே, அதே பைதான். அடையாள அட்டைகள், காணி உறுதி, நெருப்புப்பெட்டி, ஒரு கிலோ அரிசி. ஷெல்லடிக்குள் காட்டு வழியே ஊரைவிட்டு நடந்தோமே, அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அரிசியை மாற்றிவைக்கிறேன். ஹலினா அம்மா சிரிக்கவில்லை. பையை நன்றாகக் கிளறிப் பார்த்துவிட்டு, உப்பு எங்கே என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு மகள் தேவைப்படவில்லை. அவர் போலந்துப் பாஷையிலும் நான் தமிழிலும் பேசி இறால் உரித்தோம். சண்டையும் பிடித்தோம்.

நேற்றுத்தான் மகளைக் கூப்பிட்டு இருத்தி வைத்து என்னிடம் கேட்டார்: உன் புருஷன் உன்னைக் கனடாவுக்கு எடுக்க அனுப்பிய ஸ்பொன்சர் போமில் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை? ஊர் பார்க்க வந்தவர் அல்ல, என்னைப் பார்க்க வந்தவர் என்று அப்போதுதான் விளங்கியது. குளிர் என்றேன். சைபீரியா என்றார். பாஷை தெரியாது என்றேன். நாலு சொல்லோடு கப்பலால் இறங்கினேன் என்றார். மாடு இருக்கிறது என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

பிறகு தாயைப் பற்றிச் சொன்னார். தகப்பன் படையோடு போனவர், யுத்தம் முடிய இங்கிலாந்தில் தங்கிவிட்டார். வா என்று அவர் எழுத, வந்து கூட்டிப்போ என்று தாய் எழுத, மூன்று வருடம் போனதாம். கடைசியில் தாயும் மகளும் போய்த் துறைமுகத்தில் இறங்கினால், தாய் சுருட்டை முடிக்காரர் ஒருவரைத் தேடிக்கொண்டே புருஷனைத் தாண்டிப் போய்விட்டாராம். பெயரெழுதிய அட்டையோடு நின்ற வழுக்கைத் தலையரை மகள் ஹலினாதான் கையில் பிடித்து, "இதுதான் என் அம்மா" என்றாளாம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தாய் பேசிய முதல் வார்த்தை: "முடி எங்கே?"

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். விதுர்ஷாதான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிராம சேவகர் கையெழுத்து வைக்கவில்லை என்று இரண்டு வருடமாகச் சொன்னது பொய். அந்த மனுசன் அன்றைக்கே வைத்துவிட்டார். வைக்காதது நான். நேற்றுப் பின்னேரம் வைத்தேன். பெயரில் ஓரெழுத்துப் பிசகிவிட்டது. அங்கே யாரும் கேட்டால் நீங்கள் சமாளியுங்கள். மாட்டை மருமகன் பார்ப்பார்.

போனில் நீங்கள் எப்போதும் தொப்பியோடுதான் வருகிறீர்கள். குளிர் என்கிறீர்கள். உண்மையா என்று ஹலினா அம்மாவிடம் கேட்டேன், கூரையைப் பார்த்தார். எனக்கும் முன்பல் இரண்டு போய் நாளாகிறது. வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

பிள்ளையாரும் ஹலினா அம்மாவின் மாதாவும் உங்களுக்குத் துணையிருக்கட்டும். நான் வரும் நாளில் வேறு ஆளை அனுப்பிவிடாதீர்கள். அட்டையும் வேண்டாம். தொப்பியைக் கழற்றிவிட்டு நீங்களே முன்னால் வந்து நில்லுங்கள். நான் கண்டுபிடிப்பேன்.

என்றும் உங்கள்,
சீதேவிப்பிள்ளை