இடது தாடையோரம்

சைனிக்புரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தாரிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். மூட்டுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை, அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம். அப்பா போய் வருஷம் ஆகப்போகிறது. அரசாங்க ஆய்வுக்கூடத்தில் அவர் கட்டிக்கொண்டு அழுதாரே, ஒளியைப் பாய்ச்சி ஒரு பொருளின் மேடு பள்ளத்தையெல்லாம் அளக்கிற மெஷின், அதை நாச்சாரத்தில் ஒரு கம்பெனி எடுத்து விற்கப் போகிறது. சர்க்கார் பணத்தில் செய்தது நாலு தொழிற்சாலைக்குப் பயன்பட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடப் புலம்பினார், அந்த வகையில் நல்ல சேதிதான். ஆனால் சோதனைக்கு வந்த பம்ப் வார்ப்புகளில் ஒரே ஓரத்தில் மட்டும் அளவு குறைத்துக் காட்டியதாம். கம்பெனி இஞ்சினியர் ஸ்டெல்லா, தங்கமான பெண், பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்துவிட்டு என்னை வரச் சொன்னாள்.

மெஷினைச் சரிபார்க்க ஒரு பீங்கான் உருண்டை உண்டாம். அது உடைந்து, புதிது வாங்கப் போன ஃபைல் மேஜை மேஜையாக ஊர்வலம் போனதால், உங்கப்பா வாராவாரம் தன் முகத்தையே அதன் முன் நீட்டியிருக்கிறார். செய்யக்கூடிய மனுஷன்தான். இடது தாடையோரம் மட்டும் ஒவ்வொரு வாரமும் முடியளவு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. மெஷின் பிசகுகிறது என்று நினைத்து, அந்த ஓரத்தில் அவ்வளவையும் கழிக்கும்படி திருத்தம் போட்டுவிட்டார். மெஷின் பிசகவில்லை தாரிணி. நம் கைக்குத் தட்டுப்பட்டு டாக்டரிடம் ஓடுவதற்கு ஒரு வருஷம் முன்பே அது அவரைக் கொண்டுபோன அந்தக் கட்டியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. திருத்தத்தை எடுத்தால்தான் மெஷினை விற்க முடியும் என்றாள் ஸ்டெல்லா. எடுக்குமுன் அவர் முகத்தை ஒருமுறை காட்டு என்றேன். மெஷின் ஓட்டுகிற சலீம், நக்கோ அம்மா, வேணாம், பாக்காதீங்க என்றான். பார்த்தேன். கட்டியில்லாத முகம், நம் வீட்டில் நடமாடிய அதே முகம். திரையில் திருப்பினால் பின்பக்கம் வெறும் குழி, ஆனாலும் அந்தக் குழிக்குள்ளிருந்து என்னையே பார்த்தது. அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பார்வை நிற்கிறது, பயமாக இருக்கிறது. இதை மட்டும் பிரதி எடுத்துத் தரட்டுமா ஆண்ட்டி என்று ஸ்டெல்லா கேட்டாள். ஆசையாகத்தான் இருந்தது. பொய் அளவு அவருக்கு ஆகாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் திருத்தத்தை அழித்தாள், கட்டி திரும்ப வந்தது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு சபீனா அங்கே வருகிறாள், ரசப்பொடி கொடுத்தனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நெடுங்காலம் வாழ வேண்டும்.

ஒன்று மறக்காதே. ஒரு மாசமாக வீடியோவில் பேசும்போதெல்லாம் இடது கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டே பேசுகிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையை எடுத்துவிட்டு, விளக்குப் பக்கம் திரும்பி உட்கார்.

உன் அம்மா,
ராஜம்