கழியில் நிறுத்திய படகு

மரக்காணம் குப்பம்,
3.1.2012

அன்புள்ள கணவருக்கு,

பாஞ்சாலி எழுதுவது. பஹ்ரைனில் நீங்கள் சுகமாக இருக்கக் கங்கையம்மன் துணை. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

புயலில் டவர் சாய்ந்துவிட்டது, கரண்டும் இல்லை. போன் போட்டுப் போட்டுப் பதறியிருப்பீர்கள். பூமாலை அக்கா திண்டிவனம் போகிறார். அவரிடம் இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதலில் படகைத்தான் கேட்பீர்கள், எனக்குத் தெரியாதா. ஊரில் பாதிப் படகு உடைந்து கிடக்கிறது. உங்கள் படகில் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு ஓர் ஆள் வந்து எல்லோர் படகையும் மேட்டுக்கு இழுப்பதும், ஆள் வராத வீட்டுப் படகைக் கடைசியில் இழுப்பதும் ஊர் வழக்கம்தானே. உங்கள் தம்பி வீரமுத்து புயல் செய்தி கேட்டு, கூட்டேரிப்பட்டு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டு ஓடி வந்தார். அதற்குள் பாதிப் படகு ஏறிவிட்டது. மிச்சத்துக்கெல்லாம் தோள் கொடுத்தார். நம் முறை வந்தபோது இழுக்க மணலே இல்லை, கடல் மேடுவரை வந்துவிட்டது. அதனால் படகை முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் கொண்டுபோய் இரண்டு நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள்.

அப்போதுதான் உங்கள் போன் வந்தது. "கயிறு குட்டையா இருந்தா நங்கூரம் பேத்துக்கும். காத்து ஏற ஏறக் கயித்த விட்டுக்கினே இருக்கணும். படகுல ஆள் இல்லாம உட்டுடாத, அவன இருக்கச் சொல்லு" என்றீர்கள். மற்ற ஆண்கள் எல்லாம் கரையேறிவிட்டார்கள். நீங்கள் சொன்னதை அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். சரி அண்ணி என்று களித்தூக்கை வாங்கிக்கொண்டு போனார்.

காற்று ஓய்ந்து விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கயிறு கடைசி முழம்வரை விட்டிருந்தது. நங்கூரம் பெயரவே இல்லை. படகில் வீரமுத்து இல்லை.

எக்கியார்குப்பம்வரை ஆள் போய்த் தேடியாயிற்று. இன்னும் தேடுகிறார்கள். போலீசிலும் சொல்லியிருக்கிறோம். அவர் பெண்டாட்டி தேவகி கழியோரத்தை விட்டு வர மறுக்கிறாள். கஞ்சி கொண்டுபோனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சொம்பை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அவரை யார் இருக்கச் சொன்னது என்று அத்தை கேட்டார்கள். நான்தான் என்றேன். "படகு போனா போவட்டும்னு சொல்ல உனுக்கு வாய் வரலியா" என்றார்கள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். கோபம்தான். ஆனால் அவ்வளவு தூரத்தில் இருக்கிற உங்களைச் சொல்லி என்ன பயன்? கரையிலேயே இருந்த எங்களாலேயே ஒன்றும் முடியவில்லை.

முதலாளி காலில் விழுந்தாவது கிளம்பி வாருங்கள். அதுவரை வேளைக்குச் சாப்பிடுங்கள், தனியாக உட்கார்ந்து அழாதீர்கள். வந்த பிறகும் அத்தையிடம் அந்தப் போனைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். இருக்கச் சொன்னது நானாகவே இருக்கட்டும். அவர்களுக்கு ஒரு மகனாவது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாஞ்சாலி